முன்னோர் முடிந்து வைத்த காசு

(அம்மாபேட்டையில் கூடிய நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)

இக்கூட்டத்தில் எப்பொருள் பற்றிப் பேசுகின்றீர் என்று செயலாளர் அவர்கள் எம்மை வினவினார்கள். தமிழாசிரியராதலின் இலக்கியப் பொருள் ஒன்றையே அவர்கள் எதிர்பார்த்திருத்தல் கூடும். யாமோ, நம் வீடுகளிற் பலவற்றில் பெட்டியின் அடியிலும், பூசையறை மாடத்திலும், மஞ்சள் துணி முடிச்சிலும் கிடக்கும் பழங்காசுகளைப் பற்றிப் பேசுவோம் என்றோம். ஏடுகளைக் கறையானுக்கு இரையாக்கிப் பின் வருந்திய மரபினர் நாம். எஞ்சியிருக்கும் எழுத்துடைப் பொருள்களுள் காசும் ஒன்று. அதனையும் படியாமலே இழந்துவிடலாகாது என்பதே இன்று யாம் சொல்ல விரும்புவது.

முதற்கண், நம் வீடுகளில் என்னென்ன காசுகள் இருத்தல் கூடும் என்பதை நோக்குவோம். சேலச் சீமை 1792-ஆம் ஆண்டு சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் திப்பு சுல்தானிடமிருந்து கும்பினியார் கைக்கு மாறியது. ஆதலின் இவ்வூர்ப் பழங்குடிகளின் வீட்டில் மைசூர்க் காசும் இருக்கும். கும்பினிக் காசும் இருக்கும். யானை உருவம் பொறித்த செப்புக்காசு பெரும்பாலும் திப்புவினது. அரிசி பருப்பினும் சற்றே பெரியதாய், ஊதினாற் பறந்துவிடும் போன்ற பொற்காசு ஒன்று கிடைக்குமாயின், அது பெரும்பாலும் பணம் எனப்படுவதே. அவற்றுள் 1638 முதல் 1659 வரை மைசூரை ஆண்ட கண்டீரவ நரசராச உடையார் பெயரால் வழங்கிய கண்டீரவப் பணம் பெயர் பெற்றது. ஒருபுறம் திருமாலின் உருவமும் மறுபுறம் நட்சத்திரமும் உடைய சிறு பொற்காசு, சென்னைக் கும்பினியார் வெளியிட்ட நட்சத்திர வராகன். வராகன் ஒன்றுக்குப் பணம் 42. பணம் ஒன்றுக்குக் காசு 80 என்று நம் முன்னோர் கணக்கு வைத்தனர். நாம் இன்றும் வாய்தவறாமற் சொல்லும் துட்டு என்னும் சொல்லோ, ஒல்லாந்தரின் செப்புக்காசுப் பெயரினின்று வந்தது. காசு என்னும் நம் சொல்லே கடல்கடந்து சென்று ஆங்கிலத்திலும் ஒரு நாணயத்தின் பெயராக வழங்கியது.

இவற்றினும் மிகுதியாக நம் வீடுகளிற் காணப்படுவன வெள்ளி ரூபாய்கள். 1835-ஆம் ஆண்டுச் சட்டத்தால் கும்பினி ஆட்சி நடைபெற்ற இடமெங்கும் ஒரே வகை ரூபாய் வழங்கலாயிற்று. அதன் எடை ஒரு தோலா. இக்காலத்து அளவையில் 11.66 கிராம். பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. இந்தத் தரம் 1939 வரை மாறாதிருந்தது. 1940-இல் வெள்ளி பாதியாகக் குறைந்தது. 1947-இல் வெள்ளியே நீங்கி ரூபாய் நிக்கலாயிற்று.

இனி, இக்காசுகளின் மதிப்பு யாது? மதிப்பு மூவகைத்து என்பது எம் கருத்து. ஒன்று உலோக மதிப்பு. அதனைத் தராசு கூறும். மற்றொன்று சந்தை மதிப்பு. அதனைக் காசு திரட்டுவோரும் அறிந்தோரும் கூறுவர். மூன்றாவது சான்று மதிப்பு. அதனைக் கூற வல்லார் அக்காசுக்கு உரிய குடும்பத்தாரே. முதலிரண்டும் இன்று தவறினும் நாளை கேட்டறியலாம். மூன்றாவதோ, ஒருமுறை போயின் மீளாது.

உலோக மதிப்பை முதலில் எடுத்துக்கொள்வோம். நம் ஊர் வெள்ளிக் கொலுசுக்குப் பேர்போனது. செவ்வாய்ப்பேட்டைப் பட்டறைகளில் உருவாகும் கொலுசுகள் நாடெங்கும் செல்கின்றன. இது நமக்குப் பெருமையே. ஆயினும், மூசை இத்துணை அருகில் இருப்பதனாலேயே, பழைய ரூபாய்கள் வேறு ஊர்களினும் இங்கு விரைந்து உருகிவிடுகின்றன. பெண்ணுக்குக் கொலுசு வேண்டும். பாட்டியின் பெட்டியில் வெள்ளி இருக்கின்றது. பிறகு என்ன ஆராய்ச்சி? பட்டறைக்காரரைக் குறை கூறற்கில்லை. அவர் வெள்ளியைக் கேட்கின்றார். நாம் வெள்ளியைக் கொடுக்கின்றோம். கொடுக்குமுன் ஒருகால் திருப்பிப் பார்த்திருக்க வேண்டியவர் நாமே.

திருப்பிப் பார்த்தால் என்ன தெரியும் என்பீராயின், சந்தை மதிப்புத் தெரியும். இங்கே பலர்க்கும் ஒரு மயக்கம் உண்டு. எவ்வளவுக்கு எவ்வளவு பழையதோ அவ்வளவுக்கு அவ்வளவு விலை மிகும் என்று கருதுகின்றனர். அஃது அன்று. 985 முதல் 1014 வரை ஆண்ட முதலாம் இராசராச சோழன் வெளியிட்ட செப்புக்காசு ஆயிரம் ஆண்டு கடந்தது. ஒருபுறம் நிற்கும் உருவமும், மறுபுறம் அமர்ந்த உருவமும், அதனருகே நாகரி எழுத்தில் அரசன் பெயரும் உடையது. அஃது ஏராளமாக அச்சிடப்பெற்று ஏராளமாகக் கிடைப்பதனால் எளிய விலைக்கே கைமாறுகின்றது. 1939-ஆம் ஆண்டு பொறித்த ஆறாம் சார்சு மன்னர் வெள்ளி ரூபாயோ, பெரும்பாலும் உருக்கப்பட்டுப் போனமையின், காசு திரட்டுவோர் தேடித் தேடியும் காணாத அருங்காசாய் நிற்கின்றது. அருமையும், தேயாத நிலையுமே விலையைத் தருவன, வயதன்று.

இதற்கு 1911-ஆம் ஆண்டு ரூபாய் மற்றொரு சான்று. ஐந்தாம் சார்சு மன்னர் முடிசூடிய அவ்வாண்டில் வெளிவந்த ரூபாயில், அவர் அணிந்த அங்கியின் ஆரத்தில் யானை உருவம் ஒன்று சிறிதாகச் செதுக்கப்பட்டிருந்தது. துதிக்கை குறுகியிருந்தமையால், அது காண்பார்க்குப் பன்றி போலத் தோன்றிற்று. மக்களிடையே முணுமுணுப்பு எழுந்தது. அரசாங்கத்தார் 90 இலட்சத்துக்கும் மேற்பட அச்சிட்டவற்றுள் 7 இலட்சம் அளவே வெளிப்போக விட்டு, எஞ்சியவற்றை உருக்கிவிட்டனர். 1912 முதல் யானையின் துதிக்கை தெளிவாக வடிக்கப்பெற்றது. பார்வைக்கு 1911-உம் 1912-உம் ஒன்றே. வெள்ளியும் ஒன்றே, எடையும் ஒன்றே. தராசு வேற்றுமை காணாது. எழுத்தறிந்த கண் காணும்.

விக்டோரியா ரூபாயிலும் இவ்வாறு நுணுகிக் காணவேண்டிய குறிப்புகள் உள. 1876 வரை அரசி என்னும் பொருள்பட ‘குயின்’ என்றும், 1877 முதல் பேரரசி என்னும் பொருள்பட ‘எம்பிரஸ்’ என்றும் பெயருக்குப் பின் பொறித்திருக்கும். 1862 முதல் 1874 வரை அச்சிட்ட ரூபாய்கள் யாவும் 1862 என்னும் ஆண்டையே தாங்கி நிற்பன. அவற்றிலுள்ள சிறு புள்ளிகளின் தொகையையும் இடத்தையும் கொண்டே அறிஞர்கள் உண்மையான ஆண்டைப் பகுத்துரைக்கின்றனர்.

இனி மூன்றாவதாகிய சான்று மதிப்பு. பெரும்பொருள் இதுவே. சங்ககாலத் தமிழ் மன்னர் தம் பெயர் பொறித்துக் காசு வெளியிட்டனரோ என்பது நெடுங்காலம் விடையறியா வினாவாக இருந்தது. 1980-களின் நடுவில், நாளிதழ் ஆசிரியரும் காசாராய்ச்சியாளருமான இரா. கிருஷ்ணமூர்த்தி அவர்கள், பெருவழுதி என்னும் பாண்டியன் பெயர் தமிழ்ப் பிராமி எழுத்திற் பொறித்த செப்புக்காசைக் கண்டறிந்து அறிவித்தார். பின்னர்க் கரூரில் அமராவதி ஆற்று மணலினின்று கிடைத்த காசுகளுள், மாக்கோதை என்றும், குட்டுவன் கோதை என்றும் சேர மன்னர் பெயர் தாங்கிய வெள்ளிக்காசுகள் வெளிப்பட்டன. கொல்லிப்புறை என்னும் பெயர் பொறித்த செப்புக்காசும் வெளிப்பட்டது. நாமக்கல் வெளியில் நின்று அண்ணாந்து நாம் நாள்தோறும் காணும் அக்கொல்லிமலையின் பெயரே அதில் நிற்கின்றது என்பதை எண்ணிப் பாருங்கள். நகத்தளவான செப்புத் துண்டம்! அதனைப் பழஞ்செம்பு என்று எடைக்குப் போட்டிருந்தால் யார் கேட்டிருப்பர்? ஒருவர் அதன்மேல் எழுத்து உளதோ என்று பார்த்தார்; நம் பக்கத்து மலையின் பெயர் வரலாற்றில் ஏறிற்று.

ஒரு காசு தனித்துக் கூறுவது சிறிது. பல காசுகள் ஒருங்கு கிடந்த நிலையிற் கூறுவது பெரிது. 1898-இல் புதுக்கோட்டைச் சீமையில் உரோமப் பொற்காசுகள் 501 ஒரு குவியலாகக் கிடைத்தன. அவற்றிற் பெரும்பாலானவற்றில் மன்னர் முகத்தின்மேல் உளியால் வெட்டிய தழும்பு இருந்தது. ஒன்றிரண்டு காசுகளில் மட்டும் அத்தழும்பைக் கண்டிருந்தால் யாரோ விளையாட்டாய்க் கீறினர் என்றே கருதியிருப்பர். குவியல் முழுவதும் அவ்வாறிருந்தமையாலன்றோ, அது கருதிச் செய்த செயல் என்பது தெளிவாயிற்று. அக்குவியலில் மிகப் பிந்தியவை வெஸ்பாசியன் என்னும் உரோம மன்னர் காலத்தன. அதனால், அவர் ஆளத் தொடங்கிய கி.பி. 69-க்கு முன் அது புதைக்கப்பட்டிருக்க இயலாது என்பதும் விளங்கிற்று. குவியலிலுள்ள கடைசிக் காசே அது மூடப்பட்ட காலத்தைக் காட்டும் கைகாட்டி. இவ்வளவை, ஒரு வீட்டு முடிச்சுக்கும் அப்படியே பொருத்திக் காணலாம்.

அதற்கு யாம் நேரிற் கண்ட ஒன்றைச் சொல்கின்றோம். இவ்வூரில், தறியே வாழ்வாகக் கொண்ட ஒரு குடும்பத்தில், பெரியவர் காலமானபின் அண்ணன் தம்பியர் இருவர் பாகம் பிரிக்க முற்பட்டனர். பாட்டனார் காலத்து மரப்பெட்டியில் ஒரு துணி முடிச்சு இருந்தது. அதனுள் வெள்ளி ரூபாய் 61. காகிதத்தில் மடித்த பொற்பணம் ஒன்று. மூத்தவர், உருக்கிக் கொலுசு செய்துவிடலாம் என்றார். இளையவரோ, தம் மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டவேண்டிய நெருக்கடியில் இருந்தார். எடைக்கு விற்றுப் பணமாகப் பங்கிடலாம் என்றார். சொல் தடித்தது. பழங்கணக்கு ஒன்றைப் படித்துக் காட்டுதற்காக எம்மை அழைத்திருந்தனர். அதனால் யாமும் அங்கிருந்தோம்.

இருவரையும் அமரச் செய்து, ஒரு வெள்ளைத் துணியை விரித்து, காசுகளை ஆண்டுவாரியாக வரிசைப்படுத்துமாறு வீட்டுப் பிள்ளைகளிடம் கூறினோம். 1862 என்று பொறித்தவை 7. பேரரசி விக்டோரியா காலத்தன 19. ஏழாம் எட்வர்டு காலத்தன 14. ஐந்தாம் சார்சு காலத்தன 21. அவற்றுள் 1911 ஒன்று இருந்தது. கடைசிக் காசின் ஆண்டு 1917. அதற்குப் பிற்பட்டது ஒன்றும் இல்லை.

பொற்பணத்தை மடித்திருந்த காகிதத்தைக் குப்பையென்று ஒரு பிள்ளை எறிய எடுத்தான். அதனை வாங்கி விரித்தோம். அதில் பாட்டனார் கையெழுத்தில், தமிழ் எண்களில், பிங்கள வருஷம் தை மாதம் என்று தொடங்கும் ஒரு கணக்கு இருந்தது. நெய்த கூலியைக் காகிதமாக வாங்காமல் வெள்ளியாகவே வாங்கி, இரண்டாந் தறி போடுதற்கென்று முடிந்து வைத்ததாக அதிற் கண்டிருந்தது. பிங்கள வருஷம் தை என்பது 1918-ஆம் ஆண்டின் தொடக்கம். முதல் உலகப்போரால் வெள்ளி அரிதாகி, அரசாங்கத்தார் முதன்முதலாக ஒரு ரூபாய்க் காகித நோட்டை வெளியிட்டது 1917 நவம்பர் 30. இரண்டே திங்கள் இடைவெளி! புதிய காகிதத்தை நம்பாத ஒரு நெசவாளர், கூலியை வெள்ளியாகக் கேட்டு வாங்கித் துணியில் முடிந்து வைத்திருக்கின்றார். கடைசிக் காசு 1917 என்பதன் காரணம் அக்காகிதத்தால் விளங்கிற்று. அக்காகிதம் மெய் என்பது காசுகளால் விளங்கிற்று. அவர் எண்ணிய இரண்டாந் தறி வந்ததா என்று கேட்டோம். வரவில்லை என்றார் மூத்தவர். அதன்பின் அவர் கொலுசைப் பற்றிப் பேசவில்லை.

முடிவில் என் செய்தனர் என்பதையும் கூறிவிடுகின்றோம். எங்கும் கிடைக்கும் ஆண்டுகளைச் சேர்ந்த ரூபாய்களை, விவரம் அறிந்தார் இருவரிடம் தனித்தனியே விலை கேட்டு, ஒரு பகுதியை விற்றுப் பெண்ணின் கட்டணத்தைச் செலுத்தினர். எஞ்சியவற்றைச் சமமாகப் பகிர்ந்துகொண்டனர். 1911 ரூபாயும், பொற்பணமும், அக்காகிதமும் பிரிக்கப்படாமல் ஒரு பெட்டியில் மூத்தவர் வீட்டில் இருக்கின்றன. பிரிப்பதற்கு முன் காசுகள் அனைத்தையும் இருபுறமும் படம் எடுத்து, பட்டியலும் எழுதி, இருவர் வீட்டிலும் ஒவ்வொரு படி வைத்துக்கொண்டனர். காசை விற்றது பிழையோ எனின், பிழையன்று என்பதே எம் கருத்து. உழைத்தவர் கூலி பேத்தியின் கல்விக்கு ஆயிற்று. தறிக்கென முடிந்த காசு அதனினும் நல்ல வழியிற் சென்றது. படித்தறிந்தபின் விற்பது வேறு. படியாமலே உருக்குவது வேறு.

இனி, ஒவ்வொரு வீட்டாரும் கைக்கொள்ளத் தக்க சில முறைகளைச் சுருங்கக் கூறுவோம்.

முதலாவது, தேய்க்காதீர்கள். பழங்காசைக் கண்டவுடன் புளியும், எலுமிச்சையும், சாம்பலும், திருநீறும் கொண்டு பளபளக்கத் துலக்குவது நம் தாய்மார்களின் நல்ல பழக்கம். பாத்திரத்துக்கு அது தகும், காசுக்குத் தகாது. காலம் ஏற்றிய மேற்பூச்சு அதற்குக் காப்பு. அதனைச் சுரண்டினால் எழுத்தும் தேயும்; விலையும் வீழும். மண் ஒட்டியிருப்பின் தூய நீரில் நனைத்து மெல்ல ஒற்றியெடுத்தலே போதும்.

இரண்டாவது, விளிம்பைப் பிடித்தே எடுங்கள், முகத்தைத் தொடாதீர்கள். ஒவ்வொன்றையும் தனித்தனியே, கஞ்சியேறாத, சாயமேறாத வெள்ளைப் பருத்தித் துணியிற் பொதிந்து வையுங்கள். நெய்வார் வீட்டில் துணிக்குப் பஞ்சமா?

மூன்றாவது, முடிச்சைக் கலைக்குமுன் எழுதுங்கள். எந்தப் பெட்டியில், யாருடைய உடைமையாக, எவற்றோடு கிடந்தது என்பதை இன்றுள்ள மூத்தோரைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பொதிந்திருந்த துணியையும் காகிதத்தையும் எறியாதீர்கள். காசுமாலையாகவும் பதக்கமாகவும் வளையம் பற்றவைத்த காசுகட்குச் சந்தை விலை குறையும். ஆயினும் யார் அணிந்த மாலை என்னும் செய்தி குறையாது. அவற்றையும் பட்டியலிற் சேருங்கள்.

நான்காவது, சட்டத்தை அறிந்திருங்கள். முன்னோர் பெட்டியிலிருந்து வழிவழி வந்த காசு உங்களுடையது. பழைய வீட்டை இடிக்கும்போது நிலத்திலோ சுவரிலோ மறைந்திருந்து வெளிப்படும் பொருள் அத்தகையதன்று. 1878-ஆம் ஆண்டுப் புதையற் சட்டப்படி, 10 ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புடையதாயின், அதனைக் கலெக்டருக்கு எழுத்து வாயிலாக அறிவித்தல் வேண்டும். மறைத்தவர் தமக்குரிய பங்கையும் இழப்பர், தண்டனைக்கும் ஆளாவர். அன்றியும், 100 ஆண்டு கடந்த காசு 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருளாகும். அதனை அயல்நாட்டுக்குத் தனியார் அனுப்புதல் குற்றம். கடல்கடந்து வாழும் உறவினர் கேட்டாலும் அனுப்பற்க.

ஐந்தாவது, ஏமாறாதீர்கள். அண்மைக் காலத்தில், பழைய நாணயம் ஒன்றுக்கு இலட்சக்கணக்கில் தருவோம் என்று கைப்பேசியில் ஆசைகாட்டி, முதலிற் பதிவுக் கட்டணம், பிறகு வரி, பிறகு தரகு என்று பணம் பறிக்கும் கூட்டத்தார் பலர் தோன்றியுள்ளனர். ரிசர்வ் வங்கியின் பெயரையும் அவர்கள் எடுத்தாள்கின்றனர். பழைய நாணயம், நோட்டு ஆகியவற்றை வாங்கல் விற்றலுக்குத் தாம் எவரையும் அமர்த்தவில்லை என்றும், கட்டணம் எதுவும் கேட்பதில்லை என்றும் அவ்வங்கியார் 2021 ஆகஸ்டில் வெளிப்படையாக அறிவித்தனர். வாங்குபவன் நமக்குப் பணம் தருவானேயன்றி, நம்மிடம் பணம் கேளான். இந்த ஒன்றை மனத்திற் கொண்டால் போதும். ஐயம் எழுமாயின் சேலம் அரசு அருங்காட்சியகத்தாரை அணுகலாம். 1851-இல் தொடங்கிய சென்னை அருங்காட்சியகத்தில் பெருந்தொகையான காசுகள் காக்கப்படுகின்றன. பிள்ளைகளைச் சென்னைக்கு அழைத்துச் செல்வோர் அவற்றை ஒருமுறை காட்டி வருவது நன்று.

நிறைவாக, நம் சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு குடும்பத்தினின்றும் கல்லூரியிற் பயிலும் ஓர் இளைஞரோ இளம்பெண்ணோ தம் வீட்டுக் காசுகளின் பட்டியலை எழுதட்டும். காசு வீட்டிலேயே இருக்கட்டும். வீட்டில் காசு இன்னது உளது என்று ஊரறியச் செய்தலும் தகாது. ஆதலின் பட்டியலும் அவரவர் வீட்டிலேயே இருக்கட்டும். அவற்றினின்று தெரியவரும் பழங்கூலி, பழவிலை, பழம்பெயர் முதலிய செய்திகளை மட்டும், வீட்டார் பெயரின்றி எழுதிச் சங்கத்துக்குத் தருக. நம் முன்னோர் என்ன கூலிக்கு நெய்தனர், எந்தச் சந்தையில் விற்றனர், எந்த ஆண்டுப் பஞ்சத்தில் எதனை அடகு வைத்தனர் என்பதையெல்லாம் அரசர்களின் கல்வெட்டு நமக்குச் சொல்லாது. மஞ்சள் துணி முடிச்சும், அதனோடு கிடக்கும் கிழிந்த காகிதமுமே சொல்லும்.

அம்முடிச்சை முடிந்தவர் பெயரை அறிந்த பாட்டியர் சிலர் இந்த அவையிலேயே அமர்ந்திருக்கின்றனர். இன்று இரவு வீடு சென்றதும் அவர்களைக் கேளுங்கள், கேட்டதை எழுதுங்கள்.